பதினோரு வீட்டுப் புத்தகப் பார்சல்

1

சேஷாத்ரி போன வாரம் ஓய்வு பெற்று, குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார். ஹௌரா ஸ்டேஷனில் வழியனுப்பப் போயிருந்தேன். மூட்டைகளும் பெட்டிகளுமாகப் பதினேழு உருப்படி. வண்டி நகரும்போது அவர் மனைவி அலமேலு மாமி ஜன்னல் வழியாக, "லிஸ்டை மட்டும் நிறுத்திடாதேங்கோ" என்றார். சேஷாத்ரி காதில் அது விழவில்லை. அவர் கூலிக்காரனோடு ஹிந்துஸ்தானியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் கிளம்பிவிட்டதால், இத்தனை நாள் எழுதாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தை இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன். சம்பந்தப்பட்ட இன்ஸ்பெக்டர் காலமாகிவிட்டார். நாராயணன் என்று நான் இங்கே குறிப்பிடும் இளைஞர், ராஜதானி டெல்லிக்கு மாறியபோது தன் ஆபீஸோடு அங்கே போய்விட்டார். எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். சேஷாத்ரி தமிழ்ப் பத்திரிகை வாங்குவதில்லை.

2

கல்கத்தாவில் தமிழ்ப் புத்தகம் கிடைக்காது. காலேஜ் தெருவில் சமஸ்கிருதம், வங்காளி, இங்கிலீஷ், பாரசீகம் எல்லாம் கிடைக்கும். தமிழ் வேண்டுமென்றால் மதராஸுக்கு எழுத வேண்டும். பவானிப்பூர், பாலிகஞ்ச், கார்டன் ரீச் மூன்று இடங்களிலுமாகச் சேர்த்து நாங்கள் அப்போது பதினோரு குடும்பம். தனித்தனியாக வரவழைப்பதைவிட வருஷத்துக்கு ஒரே பார்சலாக வரவழைப்பது என்று யாரோ எப்போதோ ஏற்படுத்தியிருந்தார்கள். சித்திரைக்கு முன்னால் பஞ்சாங்கம் கைக்கு வந்தாக வேண்டும். அதோடு மற்றவையும் வரும். மாசி மாதம் வீட்டுக்கு வீடு சீட்டு வாங்கிப் பட்டியல் எழுதி அனுப்புவது, பார்சலை என் பெயருக்கு வி.பி. தபாலில் வரவழைப்பது, பிரித்துக் கொடுப்பது இவை என் வேலை. மதராஸில் ஒரு பத்திரிகையில் ஆறு வருஷம் ப்ரூப் பார்த்தவன், இங்கேயும் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் அதையே செய்கிறவன் என்பதால் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

பழைய பட்டியல்களை நான் எறியவில்லை. வரிசையாக வைத்துப் பார்த்தால் பதினோரு வீடுகளின் மனதும் தெரிகிறது.

நான் வந்த வருஷம் பதினோரு பஞ்சாங்கம், ஸ்தோத்திரங்கள், வசன ராமாயணம் ஒன்று, கைவைத்தியம் ஒன்று. எல்லாம் உபயோகத்துக்கான புத்தகங்கள். சும்மா உட்கார்ந்து படிக்க என்று ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, "கதைப் புத்தகம், கண்ணியமானதாக" என்று ஒரு வரி வந்தது. அடுத்த வருஷம் அந்த வரி நாலு வீட்டுச் சீட்டில் இருந்தது. "கண்ணியமானதாக" என்ற சொல் ஒரே ஒரு சீட்டில்தான் மிஞ்சியிருந்தது. துப்பறியும் நாவல்கள் மல்லிகைப்பூபோல விற்ற காலம். பிறகு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார்கள். இங்கே தெருவில் சீமைத் துணி எரிந்தது. எங்கள் பட்டியலில் சோப்பு செய்யும் முறை, நெருப்புக்குச்சி செய்யும் முறை, கைத்தறிச் சாயம் பற்றிய புத்தகங்கள் ஏறின. ஒருவர் சோப்பு செய்தும் பார்த்தார். அது கரையவில்லை. அதற்கு அடுத்த வருஷம் சரித்திரங்களும் ஜீவிய சரித்திரங்களும் வந்தன. அவற்றில் பாதி அந்நிய தேசத்து மனிதர்களுடையவை. வீடுகளில் போலீஸ் சோதனை ஆரம்பித்த பின் மறுபடி ஸ்தோத்திரங்கள். இந்தத் தடவை ஒரே வீட்டுக்கு மூன்று சகஸ்ரநாமம். பயம் வந்தால் பட்டியலில்தான் முதலில் தெரியும்.

மாறாத வரி ஒன்று உண்டு. "குழந்தைகளுக்குத் தமிழ் முதல் பாடம்." வருஷா வருஷம் புதிதாக வாங்குவோம், ஏனென்றால் வருஷா வருஷம் நாங்கள் வெட்கப்படுவோம். அந்தப் புத்தகங்கள் கசங்குவதே இல்லை. என் மகள் சாரதா அடுத்த வீட்டு மாஷிமாவிடம் வாங்கி வரும் வங்காளிக் கதைப் புத்தகங்களுக்கு அட்டையே இருப்பதில்லை.

இந்த ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் மெல்லிய தமிழ்ப் புத்தகங்கள் ஒரு மழைக்காலம் தாங்காது. அதனால் ஒவ்வொரு வீட்டுச் சிறு புத்தகங்களையும் ஒன்றாகச் சேர்த்து, கெட்டி அட்டை போட்டு ஒரே கட்டாகக் கட்டிவிடுவோம். பைட்டக்கானா பக்கத்தில் ஒரு தஃப்தரி, அதாவது புத்தகம் கட்டுகிறவர், அதைச் செய்வார். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆகவே வீட்டுக்கு ஒரு நிறமாக நூல் சுற்றிக் கொடுப்பேன். நாராயணனுக்கு நீலம், சேஷாத்ரிக்குப் பச்சை. நான் சொல்ல வந்த வருஷம் நூலும் சுதேசி நூல். புத்தகக் கூடையை அவரிடம் கொண்டுபோன அன்று நல்ல மழை. சாயம் நிற்கவில்லை. நீலமும் பச்சையும் ஒரே சாம்பலாகி, அவர் புத்தகங்களின் அளவைப் பார்த்துக் கட்டிவிட்டார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

3

புரட்டாசி மாதம், பூஜை விடுமுறைக்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை என் மேஜைக்கு சர்க்கார் கெஜட்டிலிருந்து எடுத்த ஒரு பத்தி ப்ரூபாக வந்தது. பறிமுதல் செய்யப்பட்ட புத்தகங்களின் பட்டியல். நாலாவது வரியின் கடைசியில் முற்றுப்புள்ளி இல்லை. போட்டேன். போட்ட பிறகுதான் அந்த வரியைப் படித்தேன். அது ஒரு தமிழ்ப் புத்தகம். நாற்பது பக்கம், வேறொரு தேசத்தில் ஜனங்கள் ராஜாவை எதிர்த்து நின்ற சரித்திரம். சித்திரையில் வந்த பார்சலில் அது ஒரு பிரதி இருந்தது. வரவழைத்தது நான். கேட்டது நாராயணன்.

மறுநாள் பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் கோஷ் ஆபீஸுக்கே வந்துவிட்டார். வெள்ளைக் கோட்டு, கையில் குடை. போலீஸ்காரரைவிடப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார்.

"மதராஸிலிருந்து புத்தகப் பார்சல் வாங்குகிறவர் நீங்கள்தானே, மொஷாய்?"

"நான்தான்."

"அங்கே கடைக்காரரின் ரிஜிஸ்தரில் உங்கள் பெயர் இருக்கிறது. அந்த ஒரு பிரதி யாருடையது?"

நாராயணனுக்கு இருபத்துமூன்று வயது. சர்க்கார் காரியாலயத்தில் தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும் காகிதம் மேலதிகாரி மேஜையில் இருந்தது. ஊரில் தாயாரும் கல்யாணமாகாத இரண்டு தங்கைகளும். இந்தப் புத்தகத்தோடு அவன் பெயர் சேர்ந்தால் அந்தக் காகிதம் குப்பைக்கூடைக்குப் போகும். எனக்கு நேரக்கூடியது, முதலாளியிடம் ஒரு வசவு. பேனாவை மூடிவைக்கும் நேரத்தில் இவ்வளவையும் யோசித்துவிட்டேன்.

"என்னுடையது" என்றேன்.

"அப்படியானால் சுலபம். கெஜட்டில் வருவதற்கு முன்னால் வாங்கியது குற்றமில்லை. கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், கோப்பை மூடிவிடுகிறேன்."

"வேறு புத்தகங்களோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. பிரிக்க வேண்டும்."

"சனிக்கிழமை பன்னிரண்டு மணி. திங்கள் முதல் எனக்குப் பூஜை லீவு." குடையை எடுத்துக்கொண்டார். "அதற்குள் வராவிட்டால், யார் யார் வீட்டுக்கு என்னென்ன புத்தகம் என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் லிஸ்ட் எனக்கு வேண்டும். பதினோரு வீட்டையும் பார்க்க வேண்டியிருக்கும்."

லிஸ்ட் என்று ஒன்று இருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

4

அன்று மாலை, தனியாட்கள் தங்கிச் சாப்பிடும் பவானிப்பூர் மேஸுக்குப் போனேன். எங்கள் பதினோரு குடும்பக் கணக்கில் ஒன்றான நாராயணன் அங்கே இரண்டு வங்காளிக் குமாஸ்தாக்களோடு ஓர் அறையில் இருந்தான். அவர்கள் இன்னும் ஆபீஸிலிருந்து வரவில்லை. கதவைச் சாத்தச் சொன்னேன்.

"நாராயணா, அந்தக் கட்டுப் புஸ்தகத்தை எடு."

முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். முதலில் சுருக்கெழுத்து வழிகாட்டி. அடுத்தது சோப்பு. மூன்றாவதைத் திருப்பினேன். கர்ப்பிணிகள் உண்ண வேண்டிய பத்தியங்கள், மாதவாரியாக.

"என்னடா இது?"

"எனக்கு இல்லேண்ணா. சத்தியமா."

"அது தெரியறது. அந்தப் புஸ்தகம் எங்கே?"

"இதுலதான் இருக்குன்னு நெனச்சேன். கட்டறதுக்கு முன்னாடியே படிச்சு முடிச்சுட்டேன். வந்ததும் பெட்டிக்குள்ள போட்டேன், தெறந்துகூடப் பார்க்கலே."

பட்டியலில் பேறுகாலப் புத்தகம் கேட்டிருந்தது ஒரே வீடு. தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வந்திருந்த சேஷாத்ரி வீடு. சொன்னதும் நாராயணன் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டான்.

காரணம் உண்டு. சேஷாத்ரி கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க். ராஜத்துரோகமான காகிதம் எதைக் கண்டாலும் உடனே தெரிவிக்க வேண்டும் என்று அவர்கள் ஆபீஸில் சுற்றறிக்கை வந்தபோது, அதைத் தன் கீழிருந்தவர்களுக்கு இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியவர். கெட்டவரல்ல. எழுதியிருப்பதை எழுதியிருப்பதுபோலச் செய்கிறவர்.

"நானே போலீஸ்ல சொல்லிடறேண்ணா. எதுக்கு உங்க தலையிலே..."

"என் தலையிலே மயிர்கூட இல்லே. நீ வழக்கம்போல நாளைக்கு ஆபீஸுக்குப் போ."

அவன் சிரிக்கவில்லை.

5

வியாழக்கிழமை அரை நாள் லீவு கேட்டேன். கித்தர்ப்பூர் வரை டிராம். அங்கிருந்து குதிரை வண்டி. கப்பல் பட்டறையின் சுத்தியல் சத்தம் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசல்வரை கேட்டது. சேஷாத்ரி ஆபீஸில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போயிருந்தேன்.

அலமேலு மாமி மோர் கொடுத்தார். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"மாமி, ஆடியிலே கட்டிக் கொடுத்தேனே, அந்தப் புஸ்தகம். ஒரு தடவை பார்க்கணும்."

"அதுல ஏதாவது தப்பா?"

"பிரசவப் புஸ்தகத்துக்குப் பதிலா வேற ஒண்ணு சேர்ந்துடுத்து."

"தெரியும்" என்றார். "நீங்க வேணும்னேதான் வெச்சு அனுப்பிச்சேள்னு நெனச்சேன். எல்லாருமே அப்படித்தான் நெனச்சோம்."

"எல்லாரும்னா?"

பெயர் எதுவும் சொல்லாமல் விரல் மடக்கி எண்ணினார். ஒன்பது வீடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு வீட்டில் கூடி சகஸ்ரநாமம் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். முடிந்ததும் அந்தக் கட்டைத் திறந்து மேலே படிப்பார்களாம். எந்த வீட்டில் அடுத்த பாராயணமோ அந்த வீட்டுக்குப் புத்தகம் முன்கூட்டியே போய்விடும். ஸ்தோத்திரக் கட்டு என்பதால் ஆண்கள் யாரும் தொடவில்லை. இந்த வாரம் அது பாலிகஞ்சில் இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். சேஷாத்ரி.

"என்னங்காணும், ஆபீஸ் நேரத்திலே?"

எனக்கு முன் மாமி பதில் சொன்னார். "லிஸ்ட் விஷயமா வந்திருக்கார்."

"புரட்டாசியிலேயா?"

பட்டியல் மாசியில் எழுதுவது. "இந்தத் தடவை கொஞ்சம் முன்னாடியே..." என்று இழுத்தேன்.

"சரி, எழுதிக்கும். பஞ்சாங்கம் ஒண்ணு. கதை கிதை ஒண்ணும் வேண்டாம்." தலைப்பாகையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நேத்திக்கு துரை கூப்பிட்டுக் கேட்டார், உங்க ஜனங்கள் மதராஸிலேர்ந்து என்ன புஸ்தகம் தருவிக்கறான்னு. எங்க ஆத்துல ஸ்தோத்திரம் மட்டும்தான் சார், எப்ப வேணும்னாலும் ஆளை அனுப்பிப் பார்க்கலாம்னுட்டேன்."

"அனுப்பறேன்னாரா?" என்றார் மாமி. கையிலிருந்த செம்பைக் கீழே வைக்கவில்லை.

"எங்காத்துக்கு எதுக்குடி அனுப்பப் போறார்? பூஜை லீவு முடிஞ்சு பார்க்கலாம்னு சிரிச்சார்." என் பக்கம் திரும்பினார். "உம்ம பேரை நான் சொல்லலே. கேட்டா சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லுங்கோ, பரவாயில்லே" என்றேன்.

ஏதோ காகிதத்தை எடுக்க வந்தவர் அதைத் தேடி உள்ளே போனார். மாமி வாசல்வரை வந்து மெதுவான குரலில் கேட்டார்.

"அது உங்க கைக்கு வந்தா திரும்பி வராதோ?"

"வராது மாமி. போலீஸுக்குப் போறது. சனிக்கிழமை கொடுக்கலேன்னா ஒரு பையனோட வேலை போயிடும். உங்காத்துக்கும் ஆள் வரும்."

கொஞ்சம் யோசித்தார். "கடைசி எட்டுப் பக்கம் பாக்கி. நாளைக்குப் பாராயணம் ஆனதும் முடிச்சுடறோம். சாயங்காலம் உங்காத்துக்கு வந்து சேரும்."

"இப்பவே பாலிகஞ்ச் போய் வாங்கிண்டுடறேனே."

"சாயங்காலம்னேனே. அதுவரைக்கும் எங்களோடது."

எந்த ஹெட் கிளார்க்கின் மனைவியும் இதற்கு முன் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. வண்டியில் திரும்பும்போது கோபமாகத்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க இன்னும் இருக்கிறது, அதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

6

வெள்ளிக்கிழமை இரண்டு பிழைகளைக் கவனிக்காமல் விட்டேன். ஒன்று தலைப்பிலேயே இருந்தது. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். யாரும் இல்லை. ஆறரை மணிக்கு என் மனைவி ராஜம் வாடகை வண்டியில் வந்து இறங்கினாள். கையில் தாம்பூலக் கூடை. வெற்றிலையை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து அந்தக் கட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீயா?"

"உரக்கப் படிக்கறதே நான்தான். பாதிப் பேருக்குக் கண்ணு தெரியலே, ரெண்டு பேருக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"நீங்க கேட்டேளா? லிஸ்ட் எழுதறச்சே ஆத்துக்கு ஆத்து ஆம்பளைகளைத்தானே கேக்கறேள்."

சவரக்கத்தியை எடுத்து முதுகின் தையலை அறுத்தேன். விளக்கு வைத்த பிறகு வெள்ளிக்கிழமையில் புத்தகத்தை வெட்டுகிறேனே என்று ராஜம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஞ்சாங்கமும் ஸ்தோத்திரமும் தனியே விழுந்தன. நடுவிலிருந்து அந்த நாற்பது பக்கம் வந்தது.

"எல்லாருமா படிச்சு முடிச்சேளா?" என்றேன்.

"முடிச்சோம்." திரும்பாமலே சொன்னாள். "அவா ஜெயிச்சுட்டா."

"யாரு?"

"அந்த ஊர் ஜனங்கள்தான். வேற யாரு?"

சமையலறைக்குப் போய் அடுப்பை மூட்டினாள். அடுத்த மாசியில் எனக்கு வந்த பதினோரு சீட்டில் ஏழு பெண்கள் கையெழுத்தில் இருந்தன. ஒன்றில் "சரித்திரம் ஒன்று, எந்தத் தேசத்ததானாலும் சரி" என்று இருந்தது. அதை நான் எழுதி அனுப்பினேன்.

7

சனிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு இன்ஸ்பெக்டர் மேஜைமுன் நின்றேன். அறையில் பாதிப் பேர் ஏற்கெனவே லீவில் போயிருந்தார்கள். வெளியே எங்கோ பூஜைக்கு டாக் மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தை மேஜையில் வைத்தேன்.

கோஷ் பாபு பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பார்க்கத் தெரிந்தவர். பன்னிரண்டாம் பக்கத்தில் எண்ணெய்க் கட்டைவிரல் ரேகை. பத்தொன்பதில் மஞ்சள். இருபத்தாறில் புளிக்கரைசல் தெறித்திருந்தது. ஓரம் மடிக்காத பக்கம் ஒன்றுகூட இல்லை. ப்ரூப் பார்க்கிறவன் நான், முந்தின நாளே இதையெல்லாம் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

"இது உங்களுடையது என்றீர்கள்."

"ஆமாம்."

"உங்கள் பத்திரிகை ஆபீஸில் சமையல் நடக்கிறதா?"

நான் அந்தப் புளிக்கறையைப் பார்த்தேன்.

"என் வீட்டில் மீன் வாசனை" என்றார். "நான் எந்தப் புத்தகம் வாங்கிப் போனாலும் பத்து நாளில் அதில் இலிஷ் வாசனை அடிக்கும். கேட்டால் யாரும் தொடவில்லை என்பார்கள்."

ரிஜிஸ்தரைத் திறந்தார். புத்தகத்தின் பெயர், மொழி, பிரதி ஒன்று, ஒப்படைத்தவர் என்று எழுதிக்கொண்டே வந்தவர் காலியாக இருந்த ஒரு கட்டத்தின்மேல் பேனாவை நிறுத்தினார்.

"யார் யார் படித்தது என்று இங்கே எழுத வேண்டும். ஒரு பெயர் எழுதினால் ஒரு வாக்குமூலம். பதினோரு வீடு, உங்கள் மொழி தெரிந்த ஆள் எங்களிடம் ஒருவன்கூட இல்லை." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம். "சொல்லுங்கள், மொஷாய். இதை யாராவது படித்தார்களா?"

"இல்லை."

"நீங்கள்கூட?"

"நான்கூட."

இரண்டாவது பதில் உண்மை.

அவர் அந்தக் கட்டத்தில் இங்கிலீஷில் ஒரு வார்த்தை எழுதினார்: படிக்கப்படாதது. முத்திரை வைக்கப் புத்தகத்தைத் தூக்கினார். தையல் பிரிந்த நடு மடிப்பிலிருந்து குங்குமம் உதிர்ந்து அந்த வார்த்தையின் மேலேயே விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். அவர் குனிந்து மெதுவாக ஊதினார். எல்லாம் போகவில்லை, ஈர மையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. ரிஜிஸ்தரை என் பக்கம் திருப்பிப் பேனாவைக் கொடுத்தார்.

வழக்கம்போல ஒரு தடவை முழுக்க வாசித்துவிட்டு, திருத்தம் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.